மேக்புக் ஏருக்குப் புதிய எஸ்எஸ்டி: 128 ஜிபியிலிருந்து 500 ஜிபிக்கு

என்னிடம் இருப்பது, 2017 ஜூன் மாதத்தில் ஆப்பிள் வெளியிட்ட 13 அங்குல மேக்புக் ஏர். 1.8 கிகாஹெர்ட்ஸ் ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், கோப்புகளைச் சேமிக்க 128 ஜிபி எஸ்எஸ்டி என்னும் சில்லு வட்டு. 2018இல் வாங்கியபோதே 128 ஜிபி போதாது என்று தெரியும். அடுத்த அளவுக்குப் போகக் கையில் பணம் இல்லை. நூல்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்வது என் தொழில் என்பதால், ஓர் ஓவியத் தொகுப்பு நூலின் படங்கள் மட்டுமே சில சமயம் 14 ஜிபியை அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்த நூலை வெளி வட்டுக்கு நகர்த்துவதும், பதிப்பாளர் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் சொன்னதும் அதை மீண்டும் உள்ளே கொண்டுவருவதுமாக ஐந்து ஆண்டுகள் ஓட்டினேன். 2023 மே மாதத்தில், அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய பிடிஎஃப் பாதியில் நின்று, வட்டில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்த இரவில்தான் எஸ்எஸ்டியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மடிக்கணினியைத் திறந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி மூட ஆகும் நேரம் அரை மணிக்கு மேல் இல்லை. எனக்கு முழு வேலையும் முடியப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதில் பெரும்பகுதி திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே கழிந்தது. அப்படிக் கழிந்ததும் சரிதான். இந்த மாதிரிகளில் பழைய எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே, அதைக்கொண்டே செய்து முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் கழற்றினால், அதைச் செய்வதற்காகவே பழையதைத் திரும்பவும் மாட்டவேண்டி வரலாம்.

இந்த மடிக்கணினியில் நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கியபோது இருந்த 8 ஜிபியோடுதான் கடைசிவரை வாழவேண்டும். எஸ்எஸ்டி அப்படியன்று. ஒரு செருகுவாயில் மாட்டப்பட்டு, மறுமுனையில் ஒரே ஒரு திருகால் பிடித்துவைக்கப்பட்டிருக்கும் தனி அட்டை அது. சிக்கல் அந்தச் செருகுவாயின் வடிவத்தில் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் எம்.2 என்னும் பொது வடிவ எஸ்எஸ்டி எதுவும் அதில் நேராகப் பொருந்தாது. 2010 முதல் 2017 வரையான மேக்புக் ஏர்களில் ஆப்பிள் மூன்று விதமான கனெக்டர்களைப் பயன்படுத்தியது. 2010, 2011ஆம் ஆண்டு மாதிரிகளில் 6+12 பின்கள். 2012ஆம் ஆண்டு மாதிரியில் 7+17 பின்கள். 2013 முதல் 2017 வரை 12+16 பின்கள். முதல் இரண்டும் சாட்டா என்னும் பழைய தரவு வழியில் இயங்கியவை, மூன்றாவது அதைவிட வேகமான பிசிஐஇ வழியில் இயங்குவது. கூட்டிப் பார்த்தால் முதலாவதில் 18, இரண்டாவதில் 24, மூன்றாவதில் 28 பின்கள் வரும். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் தவறான அடாப்டரை வாங்கமாட்டோம். நான் வாங்கினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

12+16 பின் செருகுவாய்க்கும் எம்.2 எஸ்எஸ்டிக்கும் இடையில் போடுவதற்கென்று கட்டைவிரல் நகம் அளவில் சிறிய அடாப்டர்கள் விற்கின்றன. அவற்றில் சில்லு எதுவும் இல்லை. ஒருபக்கப் பின்களை மறுபக்கப் பின்களோடு இணைக்கும் வெறும் கம்பித்தடம்தான். எனவே மின்சாரத் தொடர்பை மட்டும் அடாப்டர் தீர்த்துவைக்கும். மொழிப் பிரச்சினையைத் தீர்க்காது. என் ஏரில் வந்த ஆப்பிள் எஸ்எஸ்டி பிசிஐஇ வழியில் ஓடினாலும், அது பேசும் மொழி ஏஹெச்சிஐ என்னும் பழைய நெறிமுறை. சுழலும் வட்டுகளின் காலத்தில் வகுக்கப்பட்டதால், 32 கட்டளைகள் கொண்ட ஒரே ஒரு வரிசையைத்தான் அது அறியும். இப்போது விற்கும் எம்.2 பிசிஐஇ எஸ்எஸ்டிகள் பேசுவது என்விஎம்இ. 2011இல் முதல் வரையறை வெளிவந்த இந்த நெறிமுறையில் ஆயிரக்கணக்கான வரிசைகளை வைத்துக்கொள்ள இடமுண்டு. மேக் கணினி என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து தொடங்கவேண்டுமானால் இரண்டு பேர் அந்த மொழியைக் கற்றிருக்கவேண்டும். ஒருவர் இயங்குதளம்; மற்றவர், இயங்குதளம் எழுவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும், மதர்போர்டிலேயே பதிந்த அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர். 2017 செப்டம்பரில் வந்த ஹை சியரா என்னும் பதிப்பில்தான் வெளியார் தயாரிக்கும் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டிகளை மேக் இயங்குதளம் ஏற்கத் தொடங்கியது. அதற்குரிய ஃபர்ம்வேரும் இயங்குதளத்தை நிறுவும் வேளையில்தான் உள்ளே ஏறுகிறது. தனியாகப் பதிவிறக்கிக்கொள்ள வழியில்லை.

பழைய எஸ்எஸ்டியைக் கொண்டே செய்யவேண்டிய வேலை என்று மேலே சொன்னது இதைத்தான். ஆப்பிள் அல்லாத எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போது, தேவையான ஃபர்ம்வேர் புதுப்பிப்பை நிறுவ முடியவில்லை என்று சொல்லி இயங்குதள நிறுவல் பாதியில் நின்றுவிடுவது இந்தத் தலைமுறை மேக்புக்குகளில் பரவலாகக் காணப்படும் கோளாறு. ஆகவே இந்த மடிக்கணினி ஏற்கக்கூடிய கடைசி இயங்குதளம் எதுவோ, அதுவரை பழைய எஸ்எஸ்டியிலேயே ஏறிவிட வேண்டும். அதன் பிறகுதான் கழற்ற வேண்டும். 2017 ஏருக்கு அந்தக் கடைசி இயங்குதளம் மான்டரே.

நானோ அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒன்றான மொஜாவேயில் நின்றிருந்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த கையெழுத்துப்படிகளை இன்றும் அனுப்பும் மூத்த எழுத்தாளர்கள் உண்டு. அவற்றை யுனிகோடுக்கு மாற்ற நான் வைத்திருந்த மென்பொருள் 32 பிட் வகை. 2019இல் வந்த கேட்டலினா முதல் அவ்வகை மென்பொருள்கள் ஓடுவதில்லை. என்விஎம்இக்கு மொஜாவேயே போதும் என்றாலும், 2021க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. வீட்டிலிருந்த பழைய விண்டோஸ் மேசைக்கணினிக்கு அந்த மாற்று வேலையை ஒப்படைத்துவிட்டு மேலே ஏறத் தீர்மானித்தேன்.

எஸ்எஸ்டியைத் தேர்வதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டேன். கணினியின் விவரப் பட்டியலைத் திறந்து பார்த்தால், என் எஸ்எஸ்டி தரவு ஓடும் நான்கு தடங்களில், தடத்துக்கு நொடிக்கு 5 ஜிகாடிரான்ஸ்ஃபர் (500 கோடி பிட்) வேகத்தில் இணைந்திருப்பதாகக் காட்டியது. அதாவது பிசிஐஇ இரண்டாம் தலைமுறை. அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் ஒரு தடத்தில் நொடிக்கு 500 எம்பி, நான்கில் 2,000 எம்பி. இதர செலவுகள் போக 1,500 எம்பி கைக்கு வந்தால் பெரிது. நொடிக்கு 7,000 எம்பி என்று அட்டையில் அச்சிட்ட நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியை வாங்கி இதில் மாட்டுவது, குறுகிய சந்துக்குள் எட்டு சக்கர லாரியைக் கொண்டுவரும் வேலை. அது கூடுதல் மின்சாரத்தையும் உறிஞ்சி, கூடுதல் வெப்பத்தையும் கக்கும். இந்த மடிக்கணினியில் எஸ்எஸ்டிக்கென்று குளிர்விக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

எனவே வேகத்தைவிட வேறு மூன்றைப் பார்த்தேன். முதலாவது, சில்லுகள் ஒரே பக்கத்தில் மட்டும் இருக்கவேண்டும். இருபுறமும் சில்லு உள்ள அட்டை அடாப்டரோடு சேர்ந்து தடித்து, அடிமூடியை முட்டும். இரண்டாவது, 80 மில்லிமீட்டர் நீளம், அதாவது 2280 என்று குறிக்கப்படும் அளவு. அடாப்டரின் நீளமும் சேர்ந்தால் பழைய திருகுத்துளைக்குச் சரியாக வந்து சேர்வது அதுதான். மூன்றாவது, எழுதும் ஆயுள், அதாவது தேய்ந்துபோவதற்குள் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்ற அளவு. இவற்றை வைத்து டபிள்யூடி புளூ எஸ்என்570 வகையில் 500 ஜிபி எஸ்எஸ்டியை எடுத்தேன். நொடிக்கு 3,500 எம்பி வரை படிக்கும் மூன்றாம் தலைமுறை எஸ்எஸ்டி, ஒருபக்கச் சில்லு, 300 டெராபைட் எழுதும் ஆயுள், ஐந்து ஆண்டு உத்தரவாதம். 1 டிபி வாங்கியிருக்கலாம். இடம் பெரிதானால் முடித்த வேலைகளை வெளி வட்டுக்கு நகர்த்தும் நல்ல பழக்கம் போய்விடும் என்று எனக்கு என்மேலேயே சந்தேகம்.

அடாப்டருக்கும் திருப்புளிகளுக்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆப்பிள் அடிமூடியில் போடுவது ஐந்து இதழ் கொண்ட பூப்போன்ற தலையுள்ள திருகு. அதற்கு பி5 என்னும் பென்டலோப் திருப்புளி வேண்டும். உள்ளே எஸ்எஸ்டியைப் பிடித்திருப்பது ஆறுமுனைத் திருகு. அதற்கு டி5 டார்க்ஸ். இரண்டும் முதல் கடையிலேயே கிடைத்தன. நட்சத்திரத் தலைக்கு ஏதோ ஒன்று என்று சொல்லி வாங்காமல், எண்ணைச் சொல்லி வாங்குவது நல்லது. அளவு சற்றே மாறிய முனை திருகின் தலையை வழித்துவிடும். அடாப்டருக்கு நாலைந்து கடை ஏறி இறங்கியபின் ஒருவர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “ஏருக்குத்தானே சார்? எல்லா ஏருக்கும் இதுதான், தாராளமா எடுத்துட்டுப் போங்க” என்றார். நானும் எந்த ஆண்டு மாதிரி என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பின்களை எண்ணியபோது 7ம் 17ம் வந்தன. 2012ஆம் ஆண்டு மாதிரிக்குரியது. மாற்றிக் கேட்கப் போகும் ஆட்டோச் செலவு அடாப்டரின் விலையைத் தாண்டும் என்பதால் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, 12+16 என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்த ஒன்றை இணையத்தில் தருவித்தேன். அது வந்துசேர ஆறு நாள் ஆனது.

அந்த ஆறு நாளில் மான்டரே வேலையை முடித்தேன். சியராவோ அதற்குப் பிந்தையதோ ஓடும் கணினியில் மான்டரேக்கு ஏற 26 ஜிபி காலி இடம் வேண்டும் என்பது ஆப்பிள் சொல்லும் அளவு. நிறுவல் கோப்பு மட்டுமே சுமார் 12 ஜிபி. என்னிடம் காலியாக இருந்தது 9 ஜிபி. இடமில்லாமைக்கு மருந்து தேடிப் போனவன், முதலில் இடத்தைத் தேட வேண்டியதாயிற்று. இரண்டு நூல்களின் படங்களையும் ஒளிப்படத் தொகுப்பையும் வெளி வட்டுக்கு நகர்த்தி, நகர்த்திய கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் இரு பக்கமும் சரிபார்த்த பிறகே மூலத்தை அழித்தேன்.

இயங்குதளத்தை ஏற்றுவதற்கு முன், விவரப் பட்டியலில் பூட்ராம் பதிப்பு என்று காட்டும் ஃபர்ம்வேர் எண்ணை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். மான்டரே ஏறியபின் அந்த எண் மாறியிருந்தது. ஃபர்ம்வேர் புதியது ஏறிவிட்டது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. 2013, 2014ஆம் ஆண்டு மாதிரிகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சான்று மட்டும் போதாது. அவற்றின் ஃபர்ம்வேர், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து என்விஎம்இ எஸ்எஸ்டியை எழுப்பும்போது தடுமாறி மடிக்கணினி உறைந்துபோகும் சிக்கல் உடையது. அவர்கள், கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் பிஎம்செட் என்னும் மின்சார அமைப்புக் கட்டளையைக் கொடுத்து ஆழ்உறக்கத்தையே நிறுத்திவைப்பார்கள். 2015, 2017 மாதிரிகளுக்கு அந்தத் தேவை இல்லை.

அடுத்தது காப்புநகல். பழைய எஸ்எஸ்டியை அப்படியே பிம்பமாகப் புதியதில் இறக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 2020இல் வந்த பிக் சர் முதல், இயங்குதளம் இருக்கும் பகுதியை ஆப்பிள் முத்திரையிட்டுப் பூட்டிவைக்கிறது. தொடங்கக்கூடிய பிம்பத்தை எடுப்பது அதனால் சிக்கலான வேலையாகிவிட்டது. பிம்பத்தோடு மல்லாடுவதைவிட, புதிதாக நிறுவிவிட்டுத் தரவை மட்டும் இடம்மாற்றுவது மேல் என்று பட்டது. மேக்கோடு வரும் காப்புநகல் மென்பொருளான டைம் மெஷின் வழியாக முழுக் காப்புநகல் எடுத்தேன். எடுத்ததோடு விடாமல், ஒரு நூலின் கோப்புறையை அதிலிருந்து வேறோர் இடத்துக்கு மீட்டெடுத்துத் திறந்து பார்த்தேன். தமிழ் எழுத்துருக்களின் கோப்புறையைத் தனியாக ஒரு பென்டிரைவிலும் போட்டுக்கொண்டேன். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மான்டரே நிறுவியை உருவாக்கி, பழைய எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு தொடங்கி, அந்தப் பென்டிரைவிலிருந்து கணினி எழுகிறதா என்றும் பார்த்தேன். எழுந்தது.

நிறுவியை இப்படி முன்கூட்டியே செய்துவைக்காமல், இயங்குதளத்தை ஆப்பிளிடமிருந்து நேரே இறக்கும் இணைய மீட்பை நம்புகிறவர்கள் விசைகளைக் கவனிக்கவேண்டும். ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் அழுத்தித் தொடங்கினால் கணினி ஏற்கும் ஆகப் புதிய இயங்குதளம் கிடைக்கும். அவற்றோடு ஷிஃப்டையும் சேர்த்துவிட்டால், கணினியோடு வந்த இயங்குதளமோ அதற்கு நெருக்கமானதோ இறங்கும். 2017 ஏரோடு வந்தது, ஹை சியராவுக்கு முந்தைய சியரா. அதன் கண்ணுக்குப் புது எஸ்எஸ்டி தெரியாது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்ப நேரிடும்.

அடாப்டர் வந்த அன்று மாலை வேலையைத் தொடங்கினேன். கணினியை முழுதாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, மூடிய நிலையில் மெத்தென்ற துணிமேல் கவிழ்த்துவைத்தேன். அடிமூடியில் பத்துத் திருகுகள். எட்டு குட்டையானவை, திரை மடியும் பக்கத்தில் நடுவே இருக்கும் இரண்டு மட்டும் நீளமானவை, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஒரு தாளில் மடிக்கணினியின் வடிவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே தாளில் குத்திவைத்தேன். வானொலிப்பெட்டி பழுதுபார்க்கும் என் தாய்மாமாவிடம் சிறுவயதில் கற்ற முறை இது. காந்தத் தட்டெல்லாம் இதற்கு ஈடாகாது.

மூடியைத் திறந்ததும் முதலில் கைவைக்க வேண்டியது பேட்டரி கனெக்டரில். அதில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் நாடாவைப் பிடித்து, மதர்போர்டுக்கு இணையாக, மடிக்கணினியின் முன்விளிம்பை நோக்கி இழுக்கவேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் செருகுவாய் பெயர்ந்துவிடும். கணினி அணைந்திருக்கிறதே, இது எதற்கு என்று தோன்றலாம். பேட்டரி இணைந்திருக்கும்வரை போர்டின் சில பகுதிகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். எஸ்எஸ்டியை அந்த நிலையில் செருகுவது இரண்டுக்கும் ஆபத்து. பிறகு டி5 திருப்புளியால் எஸ்எஸ்டியின் ஒற்றைத் திருகைக் கழற்றினேன். அட்டையின் முனை தானாகவே சற்று மேலெழுந்தது. அதை இன்னும் தூக்காமல் இரு விளிம்புகளிலும் பிடித்து நேராக உருவினேன். ஐந்து ஆண்டுத் தூசி விசிறியில் பஞ்சுபோல் படிந்திருந்தது. விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் அதையும் துடைத்தேன்.

புதியதை மாட்டியதில்தான் என் பிழை நேர்ந்தது. அடாப்டரைக் கையிலேயே எஸ்எஸ்டியோடு பொருத்தி, இரண்டையும் ஒரே துண்டாக்கிச் செருகுவாயில் தள்ளினேன். நன்றாக உள்ளே போனதுபோல் இருந்தது. மறுமுனையில் திருகும் பொருந்தியது. பேட்டரியை இணைத்து, மூடியைப் போட்டு, பத்துத் திருகுகளையும் முடுக்கி, பென்டிரைவிலிருந்து தொடங்கினேன். வட்டுகளைக் காட்டும் டிஸ்க் யுடிலிடி மென்பொருளில் பென்டிரைவைத் தவிர எதுவும் இல்லை. எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. ஃபர்ம்வேரில் கோளாறா, அடாப்டரில் கோளாறா, எஸ்எஸ்டியே பழுதா என்று மூன்று சந்தேகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். கைக்கு எட்டும் தொடர்பை முதலில் பார் என்பதைத்தான் தாய்மாமா எந்நேரமும் சொல்வார். அது மறுநாள் காலைக் காப்பிக்குப் பிறகே நினைவுக்கு வந்தது.

மீண்டும் திறந்து, பேட்டரியைப் பிரித்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடாப்டரின் ஒரு மூலையில் தங்கநிறப் பின்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தெரிந்தன. ஒரே துண்டாக வைத்துத் தள்ளும்போது நாம் கொடுக்கும் அழுத்தம் எஸ்எஸ்டியின் மறுமுனையிலிருந்து, வளையக்கூடிய ஒரு மெல்லிய அட்டை வழியாக வருகிறது. அது அடாப்டரின் இரு மூலைகளிலும் சமமாக இறங்குவதில்லை. எல்லாவற்றையும் கழற்றி, அடாப்டரை மட்டும் எடுத்து, அதன் இரு மூலைகளிலும் கட்டைவிரல்களை வைத்து, பின் ஒன்றுகூடத் தெரியாத அளவுக்கு உள்ளே அழுத்தினேன். நினைத்ததைவிடக் கூடுதலான அழுத்தம் தேவைப்பட்டது. அது இறங்கியது விரலுக்கே தெரிந்தது. அதன்பின் எஸ்எஸ்டியைச் சற்றுச் சாய்த்து அடாப்டருக்குள் செருகி, படுக்கவைத்து, திருகை முடுக்கினேன். அடாப்டரின் அடிப்பக்கத்தில் பற்றுமுனைகள் திறந்தபடி இருந்ததால், அவை கீழே உள்ள உலோகத்தில் படாமல் இருக்க ஒரு சிறு துண்டுக் காப்டன் டேப்பை முன்பே ஒட்டிவைத்திருந்தேன். சாதாரண செலோடேப் வெப்பத்தில் இளகிப் பிசுபிசுக்கும்; மஞ்சள்நிறக் காப்டன் இளகாது.

இந்த முறை மூடியில் நான்கு மூலைத் திருகுகளை மட்டும் போட்டுச் சோதித்தேன். முந்தைய நாளே அப்படிச் செய்திருக்கவேண்டும். டிஸ்க் யுடிலிடியில் 500 ஜிபி தெரிந்தது. எல்லாச் சாதனங்களையும் காட்டும் நிலையில், உள்ளே இருக்கும் பகுதியை அன்றி மேலே உள்ள சாதனத்தையே தேர்ந்து, ஏபிஎஃப்எஸ் வடிவமும் ஜியுஐடி பகிர்வு அட்டவணையும் கொடுத்து அழித்து வடிவமைத்தேன். மான்டரே நிறுவ 35 நிமிடம். ஃபர்ம்வேர் குறித்த எந்தத் தடையும் வரவில்லை. டைம் மெஷின் காப்புநகலிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டென்ட் வழியாகக் கோப்புகளைக் கொண்டுவர இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. வெளி வட்டு சுழலும் வட்டு என்பதால் அந்தத் தாமதம். எழுத்துருக்களும் வந்துசேர்ந்தன, பென்டிரைவில் தனியாக எடுத்துவைத்தது தேவைப்படவில்லை.

விவரப் பட்டியலில் எஸ்எஸ்டி இப்போது சாட்டா பிரிவிலிருந்து இடம்பெயர்ந்து என்விஎம் எக்ஸ்பிரஸ் பிரிவில் வந்து உட்கார்ந்திருந்தது. நான்கு தடங்கள், 5 ஜிகாடிரான்ஸ்ஃபர். அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதி இயங்குகிறது என்றும் காட்டியது. வெளியாரின் சாட்டா எஸ்எஸ்டி என்றால் டிரிம்மை டெர்மினலில் கட்டளை கொடுத்து வலிந்து இயக்கவேண்டும். என்விஎம்இக்கு அது தேவையில்லை. வேகத்தை ஒரே மென்பொருளால் முன்னும் பின்னும் அளந்திருந்தேன். பழையதில் படிக்கும் வேகம் நொடிக்கு 1,290 எம்பி, எழுதும் வேகம் 620 எம்பி. புதியதில் படிப்பது 1,460, எழுதுவது 1,410. முன்பு போட்ட கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பலித்தது.

ஆனால் தொடுவதற்கு முன்பே பறக்கிறது என்றெல்லாம் சொல்லமாட்டேன். சுழலும் வட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் அடையும் வியப்பு இதில் கிடையாது. பழையதும் பிசிஐஇ எஸ்எஸ்டிதான். கணினி தொடங்கும் நேரம் ஐந்து நொடி குறைந்தது, அவ்வளவே. எனக்குக் கிடைத்த உண்மையான இலாபம் இடம்தான். நினைவகம் 8 ஜிபிதான் என்பதால், பெரிய நூலைத் திறக்கும்போது இயங்குதளம் வட்டின் காலி இடத்தைத் துணை நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. முன்பு அந்த இடமே இல்லாமல் மூச்சுத்திணறியது. இப்போது 480 பக்க நூலைப் பிடிஎஃப் ஆக்கும்போது நிற்பதில்லை.

ஒரு குறை உண்டு. மூடிவைத்த நிலையில் பேட்டரி முன்னைவிட விரைவாக இறங்குகிறது. ஆப்பிளின் பழைய எஸ்எஸ்டியோடு, இரவு மூடிவைத்தால் காலையில் 2 விழுக்காடு குறைந்திருக்கும். புதியதில் முதல் வாரம் 6 விழுக்காடு குறைந்தது. உறக்கத்திலும் அவ்வப்போது விழித்து அஞ்சல் பார்க்கும் பவர் நாப் வசதியை அணைத்தபின் அது 4க்கு இறங்கியது. உறக்கத்திலிருந்து எழுவதில் தடுமாற்றம் இருக்கிறதா என்று மூன்று இரவுகள் தொடர்ந்து சோதித்தேன், இல்லை. வேலை நேரத்தில் பேட்டரி தாக்குப்பிடிப்பதில் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு எதுவும் இல்லை.

கழற்றிய 128 ஜிபி எஸ்எஸ்டியை அழிக்கவில்லை. மான்டரே ஏறிய நிலையிலேயே, புதியது வந்த நிலைமின்காப்பு உறையில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன். அதன் கனெக்டர் வேறு என்பதால் சாதாரண எம்.2 பெட்டி எதிலும் அது பொருந்தாது. அதை வெளி வட்டாக்க விரும்பினால் அதற்கென்றே விற்கும் பெட்டியை வாங்கவேண்டும். நான் வாங்கவில்லை. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஏதேனும் வந்து, வெளியார் எஸ்எஸ்டியில் ஏற மறுத்தால், பழையதை அரை மணி நேரம் உள்ளே மாட்டவேண்டி வரும் என்பதற்காக வைத்திருந்தேன். 2024 ஜூலையில் வந்த 12.7.6உடன் மான்டரேக்குப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால் அந்தத் தேவையும் அநேகமாக முடிந்துவிட்டது. ஆனாலும் உறையைப் பிரிக்க மனம் வரவில்லை.

எஸ்எஸ்டியின் உடல்நிலைக் குறிப்பை அவ்வப்போது படித்துப் பார்க்கிறேன். முதல் ஒன்றரை ஆண்டில் எழுதப்பட்டது 11 டெராபைட்டுக்குச் சற்று மேல். 300 டெராபைட் ஆயுளில் அது 4 விழுக்காடுகூட இல்லை. தேய்ந்துவருவது பேட்டரிதான். ஆப்பிள் இதற்குச் சொல்லும் ஆயுள் 1,000 மின்னேற்றச் சுற்றுகள். என் கணினி 870ஐத் தாண்டிவிட்டது. நல்லவேளையாக இந்த மாதிரியில் பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டவில்லை, ஐந்து திருகுகளால் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவற்றுக்கும் அதே டி5 திருப்புளி போதும்.